புதிய பர்கர் கடையில் நன்றாகச் சாப்பிடுவது எப்படி? நாள் பார்ப்பதிலிருந்து பில் பார்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

முதல் தோசை கல்லை விட்டு ஒழுங்காக எழும்பாது என்பது வீட்டில் சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். கல் பதத்துக்கு வர வேண்டும், எண்ணெய் இறங்க வேண்டும், ஊற்றுகிற கைக்கு அன்றைய மாவு பிடிபட வேண்டும். புதிதாகத் திறந்த உணவகத்துக்கும் இதே நியாயம்தான். ஆனால் நாம் திறந்த அன்றே போய் நின்று, கையில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, கடை நன்றாக இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

நானும் அப்படிச் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அண்ணா நகரில் ஒரு பர்கர் கடையின் திறப்பு நாளன்று, கல்லூரியில் படிக்கும் மகளோடு போய் வரிசையில் நின்றேன். எங்கள் டோக்கன் எண் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வந்த பர்கரின் அடிப் பன் சாறில் ஊறி, தொட்டதும் விரலோடு பிய்ந்து வந்தது. கறி ஆறிப்போயிருந்தது. கேட்ட சீஸ் உள்ளே இல்லை. மகள் இரண்டு கடியோடு தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள். ஆறு வாரம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, தனியாக உள்ளே நுழைந்து அதே பர்கரைக் கேட்டேன். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, நடுவில் ஈரம் மாறாமல், சென்னையில் நான் சாப்பிட்ட நல்ல பர்கர்களில் ஒன்றாக இருந்தது. அதே கல், அதே கறி. கை மட்டும் தேர்ந்திருந்தது.

அந்த இரண்டு வேளைகளும் எனக்குக் கற்றுக்கொடுத்தவையே இங்கே இருக்கின்றன. சுருக்கமாகக் கேட்டால் மூன்றே சொல்வேன். பொறுத்துப் போங்கள். மெனுவில் இருப்பதிலேயே எளிமையான பர்கரைக் கேளுங்கள். கடையிலேயே உட்கார்ந்து சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.

முதல் படி: நாளும் நேரமும்

கடை திறந்து மூன்று வாரமாவது ஆகட்டும். திறப்பு வாரத்தில் சமையலறையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. கல்லின் எந்த மூலையில் சூடு அதிகம், எந்த மூலையில் குறைவு என்பது சில நூறு பர்கர் சுட்ட பிறகுதான் கைக்குப் பழகும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அறிவிப்பும் அந்த வாரத்தில்தான் இருக்கும். அதற்காகப் போவதில் தவறில்லை. ஆனால் அன்று கிடைப்பது அந்தக் கடையின் உண்மையான சமையல் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமை என்றால் செவ்வாய், புதன், வியாழன். நேரம் என்றால் கூட்டம் வருவதற்குச் சற்று முன்பு: மதியம் பன்னிரண்டரை, மாலை ஆறு, ஆறரை. அப்போது கல் நன்றாகச் சூடேறியிருக்கும், வெங்காயமும் கீரையும் அப்போதுதான் நறுக்கியிருப்பார்கள், எண்ணெய் களைத்திருக்காது. மூன்றரை, நான்கு மணிக்குப் போனால் கடை காலியாக இருக்கிறதே என்று மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் மதியம் வறுத்து வைத்த கோழி சூடுகாட்டும் விளக்கின் கீழ் காத்திருக்கக்கூடும்.

இரண்டாம் படி: போகும் முன் கொஞ்சம் விசாரணை

ரீல்ஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் சீஸ் வழிவது மட்டும்தான் தெரியும். கூகுள் மதிப்புரைகளைப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். ஐந்து நட்சத்திரங்களையும் ஒற்றை நட்சத்திரங்களையும் விட்டுவிட்டு, மூன்று கொடுத்தவர்கள் எழுதியதை நிதானமாகப் படியுங்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பிரித்துச் சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான். கடை போட்ட படங்களை ஒதுக்கிவிட்டு, சாப்பிட வந்தவர்கள் எடுத்த படங்களில் பன்னின் அடிப்பக்கத்தைத் தேடிப் பாருங்கள். ஊறிக் கறுத்திருந்தால் அங்கே பன்னைச் சரியாக வாட்டுவதில்லை.

அண்ணா நகர் இரண்டாவது அவென்யூ, நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் சாலை போன்ற இடங்களில் வார இறுதியில் கார் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு. அண்ணா நகர் என்றால் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம்.

மூன்றாம் படி: உள்ளே நுழைந்ததும்

மெனுவைப் பார்ப்பதற்கு முன் மூக்கை நம்புங்கள். வறுக்கும் எண்ணெய் நல்லதாக இருந்தால் கறியும் வெண்ணெயும் வாட்டிய பன்னும் மணக்கும். பழைய எண்ணெயின் காறல் வாசனை வாசலிலேயே தொண்டையைப் பிடித்தால், அன்று வறுத்த எதையும் கேட்காதீர்கள். கல்லில் சுட்டதை மட்டும் கேளுங்கள்.

அடுத்து, எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம். பதினான்கு இலக்க எண்ணோடு வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் அந்த எண்ணைப் பில்லிலும் அச்சிடுவது கட்டாயம். புதிய கடையில் இதைப் பார்ப்பது சந்தேகப் புத்தியில்லை. இந்தச் சின்ன வேலையைக் கவனமாகச் செய்தவர்கள் குளிர்பதனப் பெட்டியின் வெப்பத்தையும் கவனிப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனமென்றால், ஒவ்வொரு உணவுக்கும் எத்தனை கலோரி என்பதை மெனுவில் காட்ட வேண்டும். சர்க்கரை நோயோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். சிறிய கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

திறந்த சமையலறை இருந்தால் கல்லுக்கு நேர் எதிரே இருக்கும் மேசையைப் பிடியுங்கள். இது வேடிக்கைக்காக மட்டும் இல்லை. 1921-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் ஒயிட் காசில் என்ற பர்கர் கடை தொடங்கிய காலத்தில், கொத்துக்கறி என்றாலே அந்த ஊர் மக்களுக்கு அச்சம். எந்தக் கறியை எப்போது கொத்தினார்களோ என்ற ஐயம். கடைக்காரர்கள் சுவரையும் மேடையையும் பளிச்சென்று வெள்ளையாக வைத்து, வாடிக்கையாளர் கண் முன்னேயே சமைத்து அந்த அச்சத்தைப் போக்கினார்கள். நூறு ஆண்டு கழித்தும் பர்கர் கடைகள் கல்லை மறைக்காமல் வைப்பதில் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி இருக்கிறது.

நான்காம் படி: எதைக் கேட்பது

இந்தப் படியில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். புதிய கடையின் மெனுவில் வெங்காய வளையம், இரண்டு வகை சீஸ், வறுத்த முட்டை, மூன்று சாஸ் என்று அடுக்கிய ஒரு கோபுரம் இருக்கும். படத்தில் அதுதான் பெரிதாக இருக்கும், விலையும் அதற்குத்தான் அதிகம். முதல் முறை அதைக் கேட்காதீர்கள். ஒரு மெஸ்ஸின் தரத்தை வெறும் சோறும் ரசமும் சொல்லிவிடும். பதினாறு வகைக் கூட்டு தேவையில்லை. பர்கர் கடையில் அந்த ரசம், பன்னும் பேட்டியும் ஒரே ஒரு சீஸும் வைத்த சாதாரண பர்கர். பேட்டி என்றால் உள்ளே வைக்கிற தட்டையான கறி வட்டம். எளிய பர்கரில் எதையும் சாஸுக்குப் பின்னால் ஒளித்து வைக்க முடியாது.

தயங்குகிறவர்களுக்காக ஒன்று: ஹாம் என்றால் பன்றிக்கறிதான், ஆனால் ஹாம்பர்கர் என்ற பெயரில் பன்றிக்கறி இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் பெயரிலிருந்து வந்த சொல் அது. ஆனால் பேக்கன் என்று மெனுவில் இருந்தால் அது பெரும்பாலும் பன்றிக்கறி. கோழியிலோ வான்கோழியிலோ செய்த பேக்கனும் உண்டு. கேட்டுவிடுங்கள். பீஃப் என்று எழுதியிருப்பது நம் நாட்டில் பல இடங்களில் எருமைக் கறி. ஹலால் பார்க்கிறவர்கள் சுவரில் சான்றிதழைத் தேடுவதோடு, பன்றிக்கறியும் அதே கல்லில் சுடப்படுகிறதா என்றும் கேட்க வேண்டும்.

இனி பேட்டியின் வகை. இப்போது திறக்கிற கடைகள் பலவும் ஸ்மாஷ் பர்கர் கடைகள். கொத்துக்கறியை எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிதாக உருட்டி, புகை கிளம்பும் அளவுக்குச் சூடான கல்லில் வைத்து, இரும்புத் தட்டால் ஓங்கி அழுத்தி, வடையைவிட மெலிதாக்கிவிடுவார்கள். கல்லோடு ஒட்டுகிற பரப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு முறுகல். இறைச்சியில் உள்ள புரதமும் சர்க்கரையும் கடுஞ்சூட்டில் சேர்ந்து பழுப்பாகிற இந்த வினைக்கு மையார் வினை என்று பெயர். தோசையின் பொன்னிறத்துக்கும் வறுத்த காப்பிக்கொட்டையின் மணத்துக்கும் இதுவே காரணம். ஸ்மாஷ் பர்கரின் உயிர் அந்த முறுகலில் இருக்கிறது. அதனால் ஒரு தடித்த பேட்டியைவிட இரண்டு மெல்லிய பேட்டிகளைக் கேட்பது நல்லது.

தடித்த பேட்டி வேறு சாதி. அதற்கு முறுகலைவிட உள்ளே தேங்கும் சாறுதான் பெருமை. ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு இருந்தால்தான் அது வறளாது. கொழுப்பு குறைவான கறி என்று மெனுவில் பெருமையாக எழுதியிருந்தால், தடித்த பேட்டியை அங்கே கேட்காதீர்கள்.

வெளிநாட்டுப் படங்களில் நடுவில் சிவந்த பேட்டியைப் பார்த்துவிட்டு அதைக் கேட்பவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், சுட்டால் போய்விடும். கொத்தும்போது அந்த மேற்பரப்பே உள்ளே கலந்துவிடுகிறது. அதனால்தான் கொத்துக்கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. கோழிக்கு 74. கோழிப் பேட்டியின் உள்ளே கறி பச்சையாக, வழவழவென்று இருந்தால் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் திருப்பிக் கொடுங்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கோழி பர்கர் கேட்பதானால் நெஞ்சுக்கறியா தொடைக்கறியா என்று கேளுங்கள். தொடைக்கறி சற்று அதிகமாக வெந்தாலும் வறளாது. புதிய சமையல்காரரின் பிழையை அது பொறுத்துக்கொள்ளும். அதனால் புதுக் கடையில் என் தேர்வு எப்போதும் தொடைக்கறிதான். மேலே பூசிய மாவுத் தோல் கறியை விட்டுப் பாவாடைபோல் கழன்று வந்தால், கறி ஈரம் வடியாமல் மாவில் விழுந்திருக்கிறது என்று பொருள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நம் நாட்டு பர்கர் கடைகளில் நெடுநாளாகவே இடம் உண்டு. 1996-இல் மெக்டொனால்ட்ஸ் டில்லியிலும் மும்பையிலும் கடை திறந்தபோதே மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் விட்டுவிட்டு, சைவ உணவுக்குச் சமையலறையில் தனிப் பகுதி வைத்தது. சிறிய புதிய கடைகளில் எல்லா இடத்திலும் அந்தப் பிரிவினை இருக்காது. “தம்பி, சைவத்துக்கு எண்ணெய் தனியா? கல் தனியா?” என்று இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். எண்ணெய் தனி என்பார்கள். பன் மட்டும் கறி சுட்ட கல்லிலேயே வாடும். சைவப் பேட்டியில் உருளைக்கிழங்கு மசித்ததைவிட ராஜ்மாவோ காளானோ சேர்ந்தது எனக்குப் பிடிக்கும், கடிக்க ஏதாவது இருக்கும். மசித்த உருளைக்கிழங்கும் பன்னும் சேர்ந்தால் மாவோடு மாவு சாப்பிடுவது போலாகிவிடும்.

சீஸில் மட்டும் உயர்ந்தது எது என்று தேட வேண்டாம். பதப்படுத்திய சாதாரண சீஸ் வில்லையில் சேர்க்கும் உப்புகள், கொழுப்பும் நீரும் பிரியாமல் அதை ஒரே சீராக உருக வைக்கின்றன. முதிர்ந்த செடார் வகைச் சீஸ் சூட்டில் எண்ணெய் கக்கிவிடும். பர்கருக்கு விலை குறைந்த வில்லைதான் பொருத்தம்.

எள், வேர்க்கடலை, முட்டை, பால், கடுகு ஆகியவற்றில் எது உங்களுக்கு ஒவ்வாதோ அதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். பன்னின் மேல் தூவிய எள் கண்ணுக்குத் தெரியும். சாஸில் இருக்கும் கடுகு தெரியாது.

மயோனைஸ் பற்றித் தனியாக

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும், சேமிக்கவும், விற்கவும் தடை விதித்தது. சமைக்காத முட்டையில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். எண்ணெயோடு அடித்து, சென்னை வெயிலில் மேடையில் வைத்தால் அவை வேகமாகப் பெருகும். தடையின் காலம் எதுவாக இருந்தாலும் கேள்வி கேட்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது: மயோனைஸ் முட்டை இல்லாததா, கிருமிநீக்கம் செய்த முட்டையில் செய்ததா, குளிர்பதனப் பெட்டியில் இருந்து எடுக்கிறார்களா. எங்கள் கடையில் நாங்களே அடிக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னால், எந்த முட்டையில் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். திருப்தியாக இல்லையென்றால் கெட்சப்பும் கடுகு சாஸும் போதும்.

ஐந்தாம் படி: கல்லைப் பாருங்கள்

ஆர்டர் கொடுத்துவிட்டு போனை எடுக்காமல் கல்லைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆறு வாரம் கழித்து அந்தக் கடைக்குப் போன அன்று, கல்லில் நின்றது மிஞ்சினால் இருபத்திரண்டு வயதுப் பையன். தமிழ் சரளமாக வரவில்லை. பக்கத்தில் இருந்தவரோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்தான். கறி உருண்டையைக் கல்லில் வைத்தான். மேலே ஒரு சதுர வெண்ணெய்த்தாள். இரும்புத் தட்டை அதன் மேல் வைத்து, இரண்டு கையாலும் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தினான். பத்து எண்ணும் நேரம் இருக்கும். தாளை உரித்தபோது கறி சப்பாத்தியைவிடச் சிறிய வட்டமாக, ஓரங்கள் பின்னல் வேலைபோல் கிழிந்து பரவியிருந்தது. அப்போதுதான் உப்பும் மிளகும் தூவினான்.

உப்பை அந்த நேரத்தில் தூவியதைக் கவனித்தேன். கொத்துக்கறியில் முன்கூட்டியே உப்பைக் கலந்து பிசைந்தால் புரதம் கரைந்து, பேட்டி சாசேஜ் போல ரப்பராக இறுகிவிடும். மேலே தூவினால் உதிரியாக, மென்மையாக இருக்கும். பிறகு அவன் அந்தப் பேட்டியைத் தொடவே இல்லை. அழுத்துவது முதல் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். கொழுப்பு உருகிய பிறகு அழுத்தினால் சாறெல்லாம் கல்லில் ஓடிவிடும். ஓரம் கரும்பழுப்பாகி, நடுவில் சிறுசிறு குமிழ்கள் வந்ததும், கொத்துப் புரோட்டாக் கடையில் பார்த்திருப்போமே, அதுபோன்ற பட்டைக் கரண்டியைச் சாய்த்து, ஒரே இழுப்பில் முறுகலோடு சுரண்டித் திருப்பினான். சீஸ் வில்லை விழுந்தது. பக்கத்தில் வெண்ணெய் தடவிய பன்கள் முகம் குப்புற வாடிக்கொண்டிருந்தன.

இந்த வரிசையில் எது தவறினாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். திருப்பிய பிறகும் அழுத்திக்கொண்டே இருக்கிறார்களா? பன்னை வாட்டாமல் அடுக்குகிறார்களா? பச்சைக் கறியைத் தொட்ட கையுறையோடு கீரையை எடுக்கிறார்களா? கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் உடனே சொல்லிவிடுங்கள். சத்தம் போடாமல், மேலாளரைத் தனியே அழைத்துச் சொன்னால் போதும்.

ஆறாம் படி: சாப்பிடும் முறை

படம் எடுப்பதானால் ஒன்றே ஒன்று எடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். பர்கருக்கு ஆயுள் ஐந்து நிமிடம். அதற்குமேல் சீஸ் இறுகும், நீராவி பன்னுக்குள் போகும், கீரை துவளும். வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு கடையைப் பற்றிக் கருத்துச் சொல்வது நியாயமில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூடிய அட்டைப்பெட்டிக்குள் அரை மணி நேரம் இருந்தால் எந்தப் பன்னும் இட்லித்தட்டில் வைத்ததுபோல் வெந்துவிடும்.

முதலில் பன்னின் உச்சியை ஒரு விரலால் மெல்ல அழுத்துங்கள். நல்ல பன் அமுங்கி, விரலை எடுத்ததும் மெதுவாக எழும்ப வேண்டும். எழும்பாமல் குழியாக நின்றால் பழசு. உடைந்தால் குளிர்பதனத்தில் காய்ந்தது. வெண்ணெயும் முட்டையும் அதிகம் சேர்ந்த பிரியோஷ் பன் இப்போது எங்கும் இருக்கிறது. மணமாக இருந்தாலும் சில கடைகளில் கேக் போல இனிக்கிறது. என் விருப்பம் நம் பேக்கரி பன்னுக்கு நெருங்கிய, இனிப்பு குறைந்த பால் பன்.

பிறகு, சுற்றிய தாளை முழுவதும் கழற்றாமல் பாதி மடித்து, அடிப்பக்கத்தைத் தாளுக்குள்ளேயே வைத்திருங்கள். சாறு சட்டையில் வழியாது. இரண்டு கட்டை விரல்களும் சுண்டு விரல்களும் கீழே, மற்ற விரல்கள் மேலே. அடிப் பன் ஊறத் தொடங்கிவிட்டால் பர்கரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். மேல் பன் தடிமனானது, சாறைத் தாங்கும். உயரமாக இருந்தால் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து இதமாக ஒருமுறை அமுக்குங்கள். கத்தியால் நடுவில் வெட்டுவது கடைசி வழி.

முதல் கடியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஓரத்தில் பெரும்பாலும் பன் மட்டும்தான் வரும். இரண்டாவது கடியில்தான் எல்லாம் சேரும். அப்போது கெட்சப்பைத் தொடாமல் மென்று பாருங்கள். உப்பு போதுமா, கறியின் சுவை தெரிகிறதா, பன் கறியைவிட முந்திக்கொண்டு வருகிறதா. அதன் பிறகு உங்கள் விருப்பப்படி எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரெஞ்ச் ஃப்ரைஸைப் பர்கரோடு ஒரே நேரத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். முன்னால் வந்தால் பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். பர்கர், ஃப்ரைஸ், குளிர்பானம் மூன்றையும் சேர்த்து விற்கும் காம்போ என்பது, எப்படியும் குளிர்பானம் வாங்கியிருப்பீர்கள் என்றால் மட்டும் லாபம். தண்ணீர் போதும் என்கிறவர்களுக்குத் தனித்தனியாக வாங்குவதே மலிவு.

பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகும்போது

என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. வாயை அகலத் திறந்து கடிக்க முடியாது என்பதால் பர்கர் கடை என்றாலே வேண்டாம் என்பார். ஒருநாள் ஒற்றைப் பேட்டி பர்கரை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் பல்குத்தும் குச்சி குத்திக் கொடுக்கச் சொன்னேன். கடைப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார்கள். அம்மா மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, கறி வடையை ரொட்டியில் வைத்ததுபோல் இருக்கிறது, இஞ்சி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்றார். அதனால் பெரியவர்கள் இருந்தால் வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் துண்டுகளில் குச்சி இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். உயரமான ஸ்டூல் மட்டுமே போட்ட கடைகளும் உண்டு. முட்டி வலி உள்ளவர்களை அழைத்துப் போகும் முன் போன் செய்து சாதாரண நாற்காலி இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

மீந்ததைக் கட்டிக்கொண்டு வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கீரையையும் சாஸையும் எடுத்துவிட்டு, பேட்டியை மட்டும் தோசைக்கல்லில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம்.

ஏழாம் படி: பில்

பொறுமையாகப் படியுங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம்: மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி 2.5, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி 2.5 என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். பர்கர் 300, ஃப்ரைஸ் 150, எலுமிச்சைச் சாறு 100 என்றால் 550 ரூபாய். வரி 27 ரூபாய் 50 காசு. மொத்தம் 577 ரூபாய் 50 காசு. சிறு வணிகர்களுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் பதிந்த சிறிய கடையானால் அவர்கள் உங்களிடம் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கவே கூடாது.

சர்வீஸ் சார்ஜ் வேறு. அது அரசு வரி இல்லை. அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதே நேரத்தில், நன்றாகக் கவனித்தவர் கையில் நேரடியாக ஏதாவது கொடுங்கள். புதுக் கடையில் கல்லோடும் எண்ணெயோடும் பத்து மணி நேரம் நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்கு அது நேராகப் போய்ச் சேரும்.

எட்டாம் படி: சொல்ல வேண்டியதைக் கடையில் சொல்லுங்கள்

குறை இருந்தால் நட்சத்திரம் போடுவதற்கு முன் அங்கேயே சொல்லுங்கள். பொதுவாக நன்றாக இல்லை என்று சொன்னால் யாருக்கும் பயனில்லை. பன்னின் அடிப்பக்கம் வாடவில்லை, இரண்டாவது பேட்டியில் உப்பே இல்லை, ஃப்ரைஸ் ஆறி வந்தது என்று சுட்டிச் சொன்னால் அன்று இரவே திருத்திக்கொள்ள முடியும். மூன்று வாரக் கடைக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. நன்றாக இருந்தால் அதையும் கல்லருகே போய்ச் சொல்லுங்கள். ஐந்தாம் படியில் நான் சொன்ன அந்தப் பையனிடம் என்னிடமிருந்த கொஞ்சம் இந்தியில் நன்றாக இருந்தது என்று சொன்னேன். பட்டைக் கரண்டியைத் துடைத்துக்கொண்டே, இன்னொன்று போடட்டுமா என்று கேட்டான். மகளுக்கு ஒன்று கட்டித் தரச் சொல்ல நினைத்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவளையே அழைத்துக்கொண்டு போனேன்.